மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கெட்ட வார்த்தை பாதிக்குப் பாதி குறைந்துவிடும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பைக் பழுது பார்க்கிற கடை. சாதாரண நாளில் ஒரு போல்ட் துருப்பிடித்துக் கழல மறுத்தால் அந்த போல்ட்டின் அம்மா வரைக்கும் இழுப்பார்கள், என்னையும் சேர்த்துத்தான். ஐயப்பனுக்கு மாலை போட்டதும் அதே ஆட்கள், "சாமி, அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க சாமி" என்பார்கள். குலசை தசராவுக்கு விரதம் இருக்கிறவர்களும் இப்படித்தான். மாலையைக் கழற்றிய மறுநாள் பழைய கச்சேரி தொடங்கிவிடும்.

அதனால் "இந்தப் பழக்கத்த விட முடியல அண்ணாச்சி" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு மண்டலம் முழுக்க விட்டுக் காட்டியவர்கள்தானே? சாமி மேல் பயம் என்பார்கள். அதுவும் முழுக் காரணம் இல்லை. மாலை போட்டுக்கொண்டே ஒளிந்து பீடி இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் வாயிலும் அந்த வார்த்தைகள் வராது. கூப்பிடுகிற விதம் மாறிவிடுகிறது, அதுதான் விஷயம். "ஏலே" என்று தொடங்கினால் அடுத்து என்ன வரும் என்று நாக்குக்கே தெரியும். "சாமி" என்று தொடங்கிய பேச்சில் அதைச் செருக இடம் கிடையாது.

வசவு என்பது யோசித்துப் பேசுகிற பேச்சே இல்லை. பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, நினைத்ததைச் சொல்ல முடியாமல் போன சிலருக்குக்கூட வசவு மட்டும் தெளிவாக வருவதை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு ஆழத்தில் கிடப்பதை, "இனிமேல் பேச மாட்டேன்" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து அடக்க முடியுமா? கடையில் உண்டியலும் வைத்துப் பார்த்தோம், வார்த்தைக்குப் பத்து ரூபாய். ஒருவன் காலையிலேயே ஐம்பது ரூபாயைப் போட்டுவிட்டு நாள் முழுக்க நிம்மதியாகத் திட்டினான்.

இப்போது கடையில் யாரையும் முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். மூத்தவர் என்றால் அண்ணாச்சி, இளையவன் என்றால் தம்பி, வண்டி விட வரும் பெண்கள் அக்கா. சுத்தமாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், நன்றாகக் குறைந்திருக்கிறது. ஒருவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டு அவர் அம்மாவை எப்படி இழுப்பது? அந்த முறைக்கு அவர் எனக்கும் அம்மாதானே.

"அதெல்லாம் நம்ம ஊரு பாஷைவே, திட்டாமப் பேசினா திருநெல்வேலிக்காரனா?" என்று ஒரு கூட்டம் கேட்கும். இந்தப் பெருமைதான் எனக்குப் பிடிக்காதது. மூதி, சவம், கூறுகெட்டவன், வெளங்காதவன் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். எங்கள் ஆச்சி பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவதே "செத்த மூதி" என்றுதான். நான் விடச் சொல்வது பெண்களின் உடம்பை வைத்து வருவதையும் சாதியை வைத்து வருவதையும். சண்டை இரண்டு ஆண்களுக்குள், அசிங்கப்படுவது மட்டும் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிற அம்மாவா? சாதி வசவோ நம் பக்கத்தில் வாயோடு நிற்காது, அது எங்கே போய் முடியும் என்று இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர்கள் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. (சாதாரண ஆபாச வசவுக்கும் பிரிவு உண்டு. முன்பு 294 பி, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 296. டீக்கடைச் சண்டையில் எஃப்ஐஆர் வரை போனவர்களுக்கு நம்பர் மனப்பாடமாகவே இருக்கும்.)

வலிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருக்கிறேன். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐஸ் தண்ணீருக்குள் கையை வைத்தவர்கள், சாதாரண வார்த்தை சொன்னபோது தாங்கியதைவிடக் கெட்ட வார்த்தை சொன்னபோது அதிக நேரம் தாங்கினார்கள். 2011இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: தினமும் நிறையத் திட்டுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. ஆக, காலையிலிருந்து வாயில் வந்ததையெல்லாம் செலவழித்துவிட்டால், ஸ்பேனர் வழுக்கி விரல் நசுங்குகிற நேரத்தில் கைவசம் ஒன்றும் இருக்காது.

இந்த முறை வைக்கிற வழி ரோட்டில் மட்டும் பலிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருப்பது அண்ணாச்சியா தம்பியா என்று பார்ப்பதற்குள் நாக்கு முந்திவிடுகிறது. அதிலும் சாயங்காலம் ஈரடுக்கு மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். பாலத்துக்குத் திருவள்ளுவர் பெயர் வேறு. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "மூச்சை நன்றாக இழுத்து விடு" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், முன்னால் நிற்கிற டவுன் பஸ் புகைதான் உள்ளே போகும்.