மாப்பிள்ளை என்ன செய்கிறார்?

2019 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டக்காரர் டூட்டி சந்த், தான் ஒரு பெண்ணை நேசிப்பதாகச் சொன்னது காலையில் ஆங்கிலப் பேப்பரில் வந்தது. மாலைக்குள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. போட்டவர் சித்தப்பா. முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியாவில் 100 மீட்டர் ஓடுகிற பெண்களில் யார் முதலில், டைமிங் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதற்கு முந்தைய மாதம்தான் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியின் அரையிறுதியில் டூட்டி 11.26 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்திருந்தார். அதைப் பட்டாசுப் படங்களோடு குழுவில் கொண்டாடியவரும் இதே சித்தப்பாதான். இப்போது அதே பெண்ணின் படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "அது அவ சொந்த விஷயம். அதைப் பேப்பர்ல ஏன் சொல்லணும்?"

திட்டவில்லை. சாபம் விடவில்லை. கலாச்சாரம் கெட்டுப்போச்சு என்று ஒப்பாரி வைக்கவில்லை. கீழே பெரியப்பா மகன் ஒரு கட்டைவிரல், அத்தை ஒரு கும்பிடு. விஷயம் முடிந்தது.

வசைபாடுபவர்களைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. அவர்கள் யார் என்று தெரியும், பிளாக் செய்துவிட்டுப் போகலாம். ஆறு வருடத்துக்கும் மேலாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது இந்த நாகரிகமான கேள்விதான். ஒரு விளையாட்டு வீரரோ வீராங்கனையோ தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று சொல்லும்போதெல்லாம், எந்த நாடாக இருந்தாலும் இது வந்துவிடுகிறது. யார் கேட்டது? விளையாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆடினோமா போனோமா என்று இருக்க வேண்டியதுதானே?

சரி, டூட்டி ஏன் சொன்னார் என்று பார்ப்போம்.

ஒடிசாவில் ஜாஜ்பூர் மாவட்டம், சாகா கோபால்பூர் கிராமம். நெசவாளர் குடும்பம், ஏழு பிள்ளைகள். 2018 ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார், ஒடிசா அரசு மூன்று கோடி ரூபாய் அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பைச் சொன்னது: வயது வந்தவர்களின் தன்பாலுறவு இனிக் குற்றமில்லை. அந்தத் தீர்ப்பு தனக்குத் தைரியம் தந்தது என்றார். ஒரு பெண்ணுடன் உறவில் இருக்கிறேன், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்மீது வெளிச்சம் விழ வேண்டாம் என்றும் சொன்னார். பேப்பரில் முதலில் வந்தது இவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துத்தான் மீதிக் கதை வந்தது. சொந்த அக்காவே தன்னை மிரட்டியதாகவும் 25 லட்சம் கேட்டதாகவும், அதனால்தான் வேறு வழியில்லாமல் வெளியே சொன்னதாகவும் டூட்டி சொன்னார். அக்காவோ, தங்கையின் பணத்துக்கும் சொத்துக்கும் ஆசைப்பட்டவர்கள்தான் அவளை இப்படி ஆட்டுவிக்கிறார்கள் என்றார். குடும்பச் சண்டையில் யார் சொல்வது சரி என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் டூட்டி சொன்ன காரணத்தைப் பாருங்கள். ஒரு ரகசியம் இருக்கிறது, அது தெரிந்த ஒருவர் அதற்கு விலை வைக்கிறார். விலை வைக்க முடியாமல் செய்ய ஒரே வழி, நாமே அதை நாலு பேருக்குச் சொல்லிவிடுவது. கடன்காரனுக்குப் பயந்தவர்கள், ஏமாந்த கதையை வெளியே சொல்ல முடியாமல் மென்று விழுங்கியவர்கள் எல்லாருக்கும் இந்தக் கணக்கு புரியும். சித்தப்பாவுக்கும் புரிந்திருக்கும். அவர் முதல் நாள் செய்தியோடு நின்றுவிட்டார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் செய்தியை யாரும் குழுவில் போடவில்லை. நானும் போடவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டூட்டியின் அம்மா, நாங்கள் பாரம்பரிய நெசவாளர்கள், எங்கள் சமூகத்தில் இதற்கு இடமில்லை, உறவுக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று வருந்தினார். அந்தப் பேச்சின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊரில் குடியிருந்து, தினமும் அதே தெருவில் நடக்க வேண்டியவர் அவர். கருத்துச் சொல்லிவிட்டு போனைச் சார்ஜில் போட்டுத் தூங்கப் போகிற நம்மைப் போல இல்லை.

நம் செய்தித் தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வாரம் நான் பார்த்த தமிழ்த் தலைப்புகள் சிலவற்றில் வினைச்சொல் "ஒப்புக்கொண்டார்". திருட்டை ஒப்புக்கொள்வார்கள், கொலையை ஒப்புக்கொள்வார்கள். காதலை யாராவது ஒப்புக்கொள்வார்களா? "ஓரினச்சேர்க்கையாளர்" என்ற சொல்லும் அப்படித்தான், ஆளை விட்டுவிட்டுப் படுக்கையறையை மட்டும் பேசும். பிறகு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கெல்லாம் மரியாதையான சொற்கள் கொண்ட பட்டியலையே வெளியிட்டது. இருந்தும் கை பழைய சொல்லுக்கே போகிறது.

இன்னொரு குழப்பமும் அப்போது பரவியது. "அதான் அன்னைக்கே டெஸ்ட்ல தெரிஞ்சுதே" என்று பின்னூட்டங்களில் எழுதினார்கள். தெரிந்தது என்ன? 2014இல் டூட்டியை கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். காரணம், அவர் உடலில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் அளவு அதிகம் என்பது. அவர் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் அந்த விதியையே மன்றம் நிறுத்திவைத்தது. அது ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் பற்றிய வழக்கு. யாரை நேசிக்கிறார் என்பது முழுக்க வேறு சங்கதி. அந்த அளவு அதிகமிருக்கும் பெண் ஓர் ஆணை மணந்து குடும்பம் நடத்தலாம், அளவு சரியாக இருக்கும் பெண் இன்னொரு பெண்ணை நேசிக்கலாம். இரண்டையும் போட்டுக் குழப்பியதில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்குண்டு. புதுக்கோட்டைக்காரரான ஓட்டக்காரர் சாந்தி 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளியை ஜெயித்து, பாலினச் சோதனையின் பெயரால் அதைப் பறிகொடுத்தபோது ஊர் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. சாந்திக்காகச் சித்தப்பா உண்மையிலேயே கண் கலங்கினார். அதே மனிதர்தான் டூட்டிக்கு ஏன் சொல்லணும் என்றார். உடலுக்கு நேர்ந்த அநியாயம் என்றால் இரங்குகிறோம், மனம் என்றால் "சொந்த விஷயம்" என்று கதவைச் சாத்துகிறோம்.

கவனம் சிதறிவிடும், இனி ஓட மாட்டாள் என்றும் சிலர் ஆரூடம் சொன்னார்கள். அதே 2019 ஜூலையில் நேப்பிள்ஸில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டர் தங்கம், 11.32 வினாடி. அக்டோபரில் 11.22. 2021 ஜூனில் 11.17. இதைச் சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பதக்கம் வாங்கினால்தான் மன்னிப்போம் என்பது போல ஆகிவிடுகிறதே. தோற்றிருந்தாலும் அவர் அவர்தான். 2023இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்கு ஆண்டுத் தடை வந்தது. அதற்காக அவரைக் கேள்வி கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் செய்தியின் கீழே அவருடைய காதலை இழுத்து வந்தவர்கள் அத்தனை பேர். ஊக்கமருந்தில் சிக்கிய வேறு எந்த வீரரின் மனைவியையாவது இப்படி இழுத்தோமா?

"ஆடினோமா போனோமா" என்று இருந்தவர்களின் கதையையும் பார்க்கலாம். ஜேசன் காலின்ஸ் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர், என்பிஏவில் பன்னிரண்டு சீசன் அப்படியே ஆடினார். அவருக்கு இரட்டைச் சகோதரர் உண்டு, அவரும் என்பிஏ வீரர். கூடவே பிறந்த அந்தச் சகோதரரிடம் காலின்ஸ் இதைச் சொன்னது 2012இல், முப்பது வயது தாண்டிய பிறகு. கேட்டவர் அதிர்ந்துபோனாராம், ஒருநாளும் சந்தேகமே வந்ததில்லையாம். 2013 ஏப்ரலில் காலின்ஸ் உலகத்துக்குச் சொன்னார். அதிபர் ஒபாமா போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். பாராட்டையெல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். ஒரே வயிற்றில் கிடந்தவனிடமே முப்பது வருடத்துக்கும் மேல் ஒன்றை மறைத்து வாழ்வது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். பயிற்சிக்கு மேல் தினமும் இன்னொரு பயிற்சி.

ஜஸ்டின் ஃபஷானு கதை இன்னும் கசப்பு. 1981இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய கால்பந்து வீரர், அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின பிரிட்டிஷ் ஆட்டக்காரர். அவரைப் பற்றி வதந்தி கேள்விப்பட்ட மேலாளர் பிரையன் கிளஃப், அணியோடு பயிற்சி செய்யக்கூட விடவில்லை. 1990 அக்டோபரில் ஃபஷானு தானே ஒரு பத்திரிகையில் சொன்னார். தம்பி ஜானும் பெயர் பெற்ற கால்பந்து வீரர்தான், அவர் பகிரங்கமாக அண்ணனை ஒதுக்கினார். அமெரிக்காவில் ஒரு பாலியல் குற்றச்சாட்டு எழுந்திருந்த நிலையில், 1998 மே மாதம் லண்டனில் ஃபஷானு தற்கொலை செய்துகொண்டார். வயது 37. அவருக்குப் பிறகு இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்தை ஆடிக்கொண்டே இதைச் சொன்ன அடுத்த ஆண், பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். அது 2022 மே மாதம், பையனுக்கு 17 வயது. நடுவில் கிட்டத்தட்ட 32 வருடம். அத்தனை வருடமும், அத்தனை அணிகளிலும் ஒருவர்கூட இல்லாமலா இருந்திருப்பார்கள்?

உடைமாற்றும் அறையில் சங்கடமாக இருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. இதற்கு எனக்குப் பிடித்த பதில் மைக்கேல் சாம். மிசூரி பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், ஆடிய வீரர். 2013 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் தன் அணியினரிடம் சொன்னார். விடலைப் பையன்கள் நிறைந்த பெரிய அணி. ஒருவரும் வெளியே மூச்சு விடவில்லை. அந்த சீசனில் 14 ஆட்டத்தில் 12 வெற்றி. மறுவருடம் பிப்ரவரியில் அவரே சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. சங்கடம் அதற்கு அப்புறம் வந்தது, பெரியவர்கள் நடத்தும் தொழில்முறை லீக்கில். வீரர் தேர்வில் 249ஆவது ஆளாக எடுத்தார்கள். அப்போது டிவி காமிரா முன்னால் அவர் தன் காதலனை முத்தமிட்டதற்கு மட்டும் எத்தனை கூச்சல்! சீசன் தொடங்கும் முன்பே அணியிலிருந்து விடுவித்தார்கள். உடல்வாகு அந்த லீக்குக்குப் போதவில்லை என்பவர்களின் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் சங்கடம், சங்கடம் என்கிறார்களே, அது அந்தக் கல்லூரிப் பையன்களிடம் இல்லை.

கேலியும் ஒரு வகை எதிர்வினை. 2022 அக்டோபரில் ஸ்பெயினின் முன்னாள் உலகக் கோப்பைக் கால்பந்து கேப்டன் இகர் கசியஸ் "என்னை மதிப்பீர்கள் என நம்புகிறேன், நான் தன்பாலீர்ப்பு உள்ளவன்" என்று ட்விட்டரில் எழுத, பழைய அணித் தோழர் புயோல் "நம் கதையைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது, இகர்" என்று பதில் போட்டார். அப்புறம் பதிவு காணாமல் போனது. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றார் கசியஸ், புயோல் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஒரு வருடம் முன்பு ஆஸ்திரேலியாவில் நிஜமாகவே சொன்ன கால்பந்து வீரர் ஜோஷ் கவாலோவுக்கு அது சிரிப்பாக இல்லை. மெல்போர்னில் ஆடும்போது கூட்டத்தில் கேட்ட வசவுகளை அவர் 2022 ஜனவரியில்தான் வாங்கியிருந்தார்.

இப்போது "யார் கேட்டது?" என்பதற்கு வருகிறேன். நாம்தான் கேட்டோம், விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். 2016இல் சானியா மிர்சா இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தவர். அவரையே ஒரு டிவி பேட்டியில் எப்போது செட்டில் ஆவீர்கள், தாய்மை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முதலிடத்தில் இருப்பது செட்டில் ஆனதாகத் தெரியவில்லையா என்கிற மாதிரி அவர் திருப்பிக் கொடுத்ததும், கேட்டவர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார். மாவட்ட அளவில் ஓடுகிற பிள்ளையிலிருந்து ஒலிம்பிக் வரை போன பிள்ளை வரை, மாலை போட்ட கையோடு நாம் கேட்கும் அடுத்த கேள்வி "கல்யாணம் எப்போ?" கிரிக்கெட் வீரர் சதமடித்தால் காமிரா உடனே கேலரியில் அவர் மனைவியைத் தேடுகிறது. அப்போது யாரும் விளையாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதில்லை. பதில் நாம் எதிர்பார்த்தபடி இல்லாதபோது மட்டும் கேள்வியே கேட்காதவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

2023 மார்ச். மகளிர் பிரீமியர் லீக் முதல் இறுதிப் போட்டி, மும்பையும் டெல்லியும். சித்தப்பா வீட்டுச் சோபாவில் நானும் அவரும். மும்பைக்கு இங்கிலாந்து வீராங்கனை நேட் சிவர்-பிரன்ட் நங்கூரம் போட்டு நின்று ஆடிக்கொண்டிருந்தார். எதிரணியில் மாரிசான் காப், தென்னாப்பிரிக்க அணியில் சக வீராங்கனையாக இருந்த டேன் வான் நீகெர்க்கை 2018இல் மணந்தவர். அதைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை.

"ஏம்மா, இது வெறும் சிவர்தானே? பேரு ஏன் நீளமாயிடுச்சு?"

"கல்யாணம் ஆயிடுச்சு சித்தப்பா. போன வருஷம்."

"அப்படியா. மாப்பிள்ளை என்ன செய்யறார்?"

எனக்கு ஒரு நொடி தொண்டை அடைத்தது. அப்புறம் சொன்னேன், "அவங்களும் கிரிக்கெட்தான். கேத்தரின் பிரன்ட். வேகப்பந்து."

டிவியில் விளம்பரம் ஓடியது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். டூட்டியை நான் நினைவுபடுத்தவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. ஆட்டம் திரும்ப வந்தது. சிவர்-பிரன்ட் அறுபதைத் தொட்டு, கடைசி ஓவரில் மும்பையை ஜெயிக்க வைத்தார்.

"பிரன்ட்னா, பர்மிங்ஹாம் காமன்வெல்த்ல நம்மகூட செமிஃபைனல்ல, கேட்ச் விட்டதுக்குக் கத்திட்டு இருந்துச்சே, அந்தப் பொண்ணா?"

"அதே ஆள்தான் சித்தப்பா."

"கோவக்காரி," என்றார் ரிமோட்டைத் தேடிக்கொண்டே. "ஆனா பந்து நல்லா போடுவா."