லூபா திருப்பலி இசையை முழுசாகக் கேளுங்கள்

லிண்ட்சே ஆண்டர்சனின் ‘இஃப்’ (1968) பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது. மிக் என்ற மாணவன் விடுதி அறையில் ஓர் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போடுவான். சாலையோர உணவகத்தின் பாட்டுப் பெட்டியிலும் அதே பாட்டு ஒலிக்கும். அது ‘மிசா லூபா’ என்ற காங்கோ திருப்பலி (கத்தோலிக்கப் பூசை) இசையின் சாங்க்துஸ் (‘தூயவர்’) பகுதி. படம் வந்த பிறகு அந்தப் பகுதி மட்டும் தனித்தட்டாக 1969இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 28ஆம் இடம் வரை ஏறியது. ‘இஃப்’ படத்துக்கு 4 ஆண்டுகள் முன்பே இத்தாலிய இயக்குநர் பசோலினி, மத்தேயு நற்செய்திப் படத்தில் (1964) இதே திருப்பலியின் குளோரியாவை எடுத்து ஆண்டிருந்தார். பெயர்கள் ஓடும்போதும், கடைசியில் உயிர்த்தெழுதல் காட்சியிலும் அந்தப் பறையொலியும் குரல்களும் எழும்பும். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசைக்கும் கறுப்பின ஆன்மிகப் பாடலுக்கும் சமமாக அவர் அதை நிறுத்தினார். என் கணக்கில் இந்த இசையைச் சரியாகப் புரிந்துகொண்ட இயக்குநர் அவர்தான்.

இரண்டு படங்களும் இந்த இசையைக் காப்பாற்றின. ஆனால் நம் காதில் அதைத் துண்டாக்கியதும் அவைதான். பலருக்கு மிசா லூபா என்றால் இரண்டு நிமிடம்கூட இல்லாத அந்த சாங்க்துஸ் மட்டுமே. முழுத் திருப்பலியும் இசைத்தட்டின் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்க்துஸ், பெனதிக்துஸ், ஆக்னுஸ் தேய் என்று பூசை வரிசையிலேயே கேட்க வேண்டும். நம் கோவில்களில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ தொடங்கி ‘உலகின் பாவங்களைப் போக்கும்’ வரை பாடுகிறோமே, அதே வரிசை. கீரியே மட்டும் கிரேக்கம், மற்றச் சொற்கள் எல்லாம் லத்தீன். ராகமும் தாளமும் பெரும்பாலும் காங்கோவின் லூபா இன மக்களுடையவை.

வரிசை ஏன் முக்கியம் என்றால், தொடக்கத்தில் கேட்பது கசாலா மரபு. இறந்தவர் பெருமையையும் முன்னோர் பெயர்களையும் சொல்லி அழும் பாட்டு அது, நம் ஒப்பாரி போல. ஒருவர் எடுக்க, குழு பின்பாட்டில் தாங்கும். அந்தக் கனத்திலிருந்து வந்தால்தான் சாங்க்துஸ், பிரியாவிடைப் பாடலின் சாயலில் அமைந்தது என்பது காதுக்குப் புரியும். அதன் முடிவில் ஓசன்னா வரும்போது காங்கோவின் கசாய் பகுதியின் ஆட்டத் தாளம் புகுந்து வேகம் மாறும். ஆக்னுஸ் தேய், ‘பேனா லூலுவா’ என்ற இன மக்களின் பாட்டிலிருந்து வந்தது.

இதை உருவாக்கியது அன்று பெல்ஜிய ஆட்சியில் இருந்த காங்கோவின் கட்டாங்கா பகுதியில் உள்ள கமினா ஊர்ப் பள்ளிக் குழு. 9 முதல் 14 வயது வரையான சுமார் 45 சிறுவர்கள், 15 ஆசிரியர்கள். நடத்தியவர் கைடோ ஹாசன் என்ற பிரான்சிஸ்கன் துறவி. 1958 மார்ச்சில் கமினாவில் முதல்முறை பாடினார்கள், அதே ஆண்டு ஐரோப்பா சுற்றினார்கள், பிலிப்ஸ் நிறுவனம் பதிவு செய்தது. பூசையில் தாய்மொழிக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிவிட்டது 1963 டிசம்பரில்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள், சொற்கள் ஏன் லத்தீனாகவே இருந்தன என்பது புரியும். ஹாசன் பெயர்தான் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் இது குழுவாகப் பாடிப் பாடி உருவான இசை. தனிக்குரல் பாடிய ஆசிரியர் ஜோவாக்கிம் இங்கோயியின் பெயரைப் பலர் அறியாமல் இருப்பது பெரிய அநியாயம்.

தேடும்போது பாடியவர் பெயரைப் பாருங்கள். ‘லே த்ரூபதூர் து ருவா போதுவான்’ என்ற இந்தக் கமினா குழுவின் பெயர் இருந்தால் அதுதான் 1958 பதிவு. கென்யாவின் முவுங்கானோ குழு பிற்காலத்தில் பாடியது நல்ல பதிவுதான், ஆனால் அங்கே முதிர்ந்த குரல்கள். சிறுவர் குரலும் ஆண் குரலும் உரசும் அந்தக் கூர்மை அதில் வராது.

பாட நினைக்கும் குழுக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சான இசைக்குறிப்பு, வாய்வழியாகப் பிறந்ததைப் பிறகு எழுதிவைத்தது. தனிக்குரலை அதில் உள்ளபடி எண்ணி எண்ணிப் பாடினால் கட்டை மாதிரி நிற்கும். முதலில் தாளத்தைப் பிடியுங்கள்: தோல்பறை, மரத்தைக் குடைந்த பிளவுப் பறை, கிலுகிலுப்பை. ஜெம்பே என்ற கைப்பறையை எடுத்து ஓங்கி அடிக்காதீர்கள், அது மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம், வார்த்தைகளை மூழ்கடிக்கும். பிறகு பின்பாட்டைக் குறிப்பு இல்லாமல் காதால் கற்றுக்கொடுங்கள். குரலை நடுங்கவிட்டால் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களின் இசைவு கலங்கிவிடும், நேராக நிறுத்துங்கள். தனிக்குரல் கடைசியில்தான் சேர வேண்டும். படத்தின் நினைவில் சாங்க்துஸை இழுத்துப் பாடுவதுதான் நான் அதிகம் கேட்கும் பிழை. அப்படி இழுத்தால் ஓசன்னாவில் ஏற இடமே இருக்காது.

தட்டின் மறுபக்கத்தையும் விடாதீர்கள். அங்கே அதே குழு பாடும் கல்யாணப் பாட்டு, வேலைப் பாட்டு, சிப்பாய்களின் பாட்டு, ஆட்டப் பாட்டு எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுவிட்டு குளோரியாவுக்குத் திரும்பினால் எந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே பிரித்தறியலாம்.