ஊர் மறைந்தபின் ஊர்ச் சங்கம்

ஜப்பானின் தென்கோடித் தீவுப் பகுதியான ஒகினாவாவின் மொழியில் 'ஷிமா' என்ற சொல் தீவையும் குறிக்கும், பிறந்த ஊரையும் குறிக்கும். 1900 ஜனவரியில், கின் ஊரைச் சேர்ந்த தோயாமா கியூசோவின் முயற்சியால், 26 ஒகினாவாக்காரர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாயில் கரையிறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் ஊர்வாரியாகச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கங்கள் இன்றும் ஐம்பது அளவில் இருக்கின்றன.

சின்னஞ்சிறு ஊருக்கெல்லாம் தனிச் சங்கம் எதற்கு, எல்லாச் சங்கங்களையும் இணைத்து ஹவாயில் 1951இல் உருவான கூட்டமைப்பு ஒன்றே போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் ஒகினாவாவின் ஒரோக்கு என்ற ஊரைக் காட்டுவேன். அந்த ஊரின் நிலத்தில் ஒரு பகுதி இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கடற்படை விமானத் தளமாகி, இன்று நாஹா விமான நிலையமாக இருக்கிறது. ஊராட்சியும் 1954இல் ஒகினாவாவின் தலைநகரான நாஹாவோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஹவாயின் தலைநகர் ஹொனலூலுவில் 'ஒரோக்கு அசாஜின் கிளப்' என்னும் ஊர்ச் சங்கம் இன்னும் கூடுகிறது. 'அசா' என்றால் சிற்றூர், 'ஜின்' என்றால் ஆள். அவ்வூர்க்காரர்கள் 'தானோமோஷி' என்னும் சீட்டுப் பிடித்து, ஒருவருக்கொருவர் கைகொடுத்து, ஹவாயில் எத்தனையோ உணவகங்களைத் தொடங்கினார்கள். முன்பின் அறியாதவரை நம்பி யாரும் சீட்டுப் போடுவதில்லை. அந்த நம்பிக்கை ஊர்ப் பழக்கத்திலிருந்து வந்தது.

1945இல் ஒகினாவாவில் நடந்த போரில் அதன் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டார்கள். குடும்பப் பதிவேடுகளும் பெருமளவில் எரிந்துபோயின. 1948இல் ஹவாய் ஒகினாவாக்காரர்கள் பணம் திரட்டி 550 பன்றிகளைப் போரில் நொடிந்த ஒகினாவாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய செய்தியைப் பலர் அறிவார்கள், அது போற்றத்தக்கதே. ஆயினும் எரிந்துபோன பதிவேட்டுக்கு ஈடாக எஞ்சியது மனிதர்களின் நினைவுதான் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரே குடும்பப்பெயர் பல வீடுகளுக்கு இருப்பதால், ஒகினாவாவின் ஊர்களில் வீட்டுப்பெயரைச் சொல்லித்தான் ஆளை அடையாளம் காண்பார்கள். இன்னார் எந்த வீட்டுக்காரர் என்பதைப் பெரிய கூட்டமைப்பு எப்படி அறியும்? ஊர்ச் சங்கத்துப் பாட்டிதான் அறிவார்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சன்ஷின் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தின் இசைக்கும் எய்சா நடனத்துக்கும் காட்டும் அக்கறையை இந்தச் சங்கங்கள் பேச்சுமொழிக்கும் காட்ட வேண்டும். ஒகினாவா மொழி அழியும் நிலையில் இருப்பதாக யுனெஸ்கோ 2009இலேயே அறிவித்துவிட்டது. ஊருக்கு ஊர் மாறும் அதன் வழக்குகள் அதைவிட விரைவாக மறைகின்றன. விழா நாளில், பிசைந்த மாவைக் கைப்பிடியில் அள்ளி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிதுக்கி, ஒரே அளவு உருண்டையாக எண்ணெயில் விட்டு அந்தாகி என்னும் இனிப்புப் பலகாரம் சுடும் மூத்தவர்கள், கை ஓடும்போதே பழைய வீட்டுப்பெயர்களைச் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். அந்த அடுப்பருகே ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு பேரப்பிள்ளை ஒருவரை உட்கார வைக்கும் வேலையை ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.