சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பின்தெருவில் காயும் துணியின் நிறம்வரை தெரிகிறது. அங்கே போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்! குறுக்கே நிற்பது ஒரே ஒரு மதில் சுவர்.

பழைய ஊரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் மறுபக்கம் வெளியே வந்துவிடலாம். ஊர் விரிய விரிய ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தீவாகிவிட்டது: உள்ளே முட்டுச்சந்துகள், வெளியேற ஒரே வழி. அத்தனை வண்டிகளும் ஒரே சாலையில் போய் விழுகின்றன. நெரிசல் என்று அதையே அகலப்படுத்துகிறார்கள். அதைக் கடக்க முதியவர்கள் படும் பாட்டை யார் கேட்பது?

வீட்டை இடித்துக் கட்டலாம், போட்ட தெருவை மாற்றுவது லேசில்லை. வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போதே பக்கத்துத் தெருவோடு இணைக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? சுவரில் ஓர் ஆள் நுழையும் வழி விட்டிருந்தால்கூட என் மகள் பள்ளிக்கு நடந்தே போயிருப்பாள்.