காலிபரேஷன் வேறு, சரிசெய்வது வேறு
"தராசு தவறாகக் காட்டினால் அதைச் சரிசெய்வதுதான் காலிபரேஷன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. சான்றிதழ் பெற்ற 100 கிராம் எடைக்கல்லை வைக்கிறோம், தராசு 100.0012 என்று காட்டுகிறது. அந்த வேறுபாட்டையும் அதன் நிச்சயமின்மையையும் (அந்த அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும்) கண்டறிந்து பதிவதோடு காலிபரேஷன் முடிந்தது. தராசைத் திருத்துவதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட். இரண்டையும் குழப்பக் கூடாது என்று சர்வதேச அளவியல் சொற்களஞ்சியமே சொல்கிறது. (காலிபரேஷனை நாம் 'அளவுத்திருத்தம்' என்று மொழிபெயர்த்து வைத்ததும் இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம்.)

மருந்து ஆய்வகத்தில் இந்த வேறுபாடு கழுத்தைப் பிடிக்கும். திருத்துவதற்கு முன் தராசு என்ன காட்டியது என்று குறிக்காமல் விட்டால், அதுவரை அதில் எடைபோட்ட மாதிரிகளின் எடை சரிதானா என்று தணிக்கையாளர் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. திருத்திய பிறகு மறுபடியும் காலிபரேஷன் செய்தாக வேண்டும்.