அவரை வீட்டுக்கு அனுப்ப என்ன வழி?

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில், அதிபர் நயிப் புக்கேலே கும்பல்காரர்கள் என்று பிடித்து அடைத்தவர்களைக் காட்டும் அந்தச் சிறை வீடியோவைப் பற்றித்தான். யார் பகிர்ந்தார், நான் என்ன கேட்டேன், எனக்கு என்னென்ன பட்டம் கிடைத்தது என்பதை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மொட்டைத் தலையும் வெள்ளை அரைக்கால்சட்டையுமாக, ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி, தலை குனிந்து உட்காரவைக்கப்பட்ட ஆண்கள். மேலே ஒரு வரி: "தலைவன்னா இப்படி இருக்கணும்."

அதன்கீழ் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சரி, இந்தத் தலைவர் நாளைக்குத் தப்பு செய்தால், அவரை வீட்டுக்கு அனுப்ப எல் சால்வடோரில் என்ன வழி மிச்சம் இருக்கிறது? நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒருவரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. ரவுடிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொலைகள் குறைந்தது பொய் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 2015இல் அந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 2024இல் அரசுக் கணக்குப்படி அது 1.9. எம்எஸ் 13, பாரியோ 18 என்ற இரண்டு கும்பல்கள் தெருத்தெருவாகப் பங்கு போட்டுக்கொண்டு, பஸ் டிரைவரிடமும் புபூசா என்ற சோள ரொட்டி சுட்டு விற்கும் பெண்ணிடமும் மாமூல் வாங்கின. அதற்கு அங்கே 'ரென்ட்டா' என்று பெயர். வாடகை என்று அர்த்தம். உயிரோடு இருப்பதற்கு வாடகை. அது ஒழிந்தது நல்லதுதான். அதை மறுக்க நான் முட்டாள் இல்லை.

ஆனால் என் கேள்வி அது இல்லையே. அவரை வீட்டுக்கு அனுப்ப என்ன வழி?

2020 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாதுகாப்புத் திட்டத்துக்கு 10.9 கோடி டாலர் கடன் வாங்க ஒப்புதல் தராமல் சட்டமன்றம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அப்போது சபையில் நயிப் புக்கேலேவுக்குப் பெரும்பான்மை கிடையாது. துப்பாக்கி ஏந்திய ராணுவ வீரர்களோடு சபைக்குள் போனார். சபைத் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். கையால் முகத்தை மூடி ஜெபம் செய்தார். வெளியே வந்து, கடவுள் பொறுமையாக இருக்கச் சொன்னார் என்று கூட்டத்திடம் பேசினார். கும்பல்களை அடக்க வந்த மனிதர் என்று இன்று கொண்டாடுகிறீர்களே, அவர் முதலில் படையோடு நுழைந்து மிரட்டியது மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்களைத்தான்.

அடுத்த வருடத் தேர்தலில் 84 இடங்களில் 56 அவருடைய கட்சிக்குக் கிடைத்தது. மக்கள் கொடுத்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மே 1ஆம் தேதி, புதிய சபை கூடிய முதல் நாளே, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில் இருந்த ஐந்து நீதிபதிகளையும் அரசுத் தலைமை வழக்கறிஞரையும் பதவியிலிருந்து தூக்கினார்கள். அவர்கள் இடத்தில் புதிய ஆட்கள் வந்தார்கள். நாலு மாதம் கழித்து, அந்தப் புதிய நீதிபதிகள்தான் புக்கேலே தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கலாம் என்று தீர்ப்பு எழுதினார்கள். அறுபது வயது தாண்டிய நீதிபதிகளை வெளியேற்ற ஒரு சட்டமும் வந்தது. 1981இல் எல் மொசோத்தே கிராமத்தில் ராணுவம் ஆயிரம் பேர் வரை கொன்றதே, அந்த வழக்கை வருடக்கணக்காக விசாரித்துவந்த நீதிபதியும் அந்தச் சட்டத்தில் போய்விட்டார். குழந்தைகளைக்கூட விடாமல் கொன்ற வழக்கு அது. அதைப் பற்றி யாராவது வீடியோ போட்டீர்களா?

1983 அரசியல் சாசனத்தின் 154ஆவது பிரிவு முதலில் எப்படி இருந்தது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். அதிபரின் பதவிக்காலம் ஐந்து வருடம், ஜூன் 1 அன்று தொடங்கி ஜூன் 1 அன்று முடியவேண்டும், அதற்குமேல் ஒரு நாள்கூடத் தொடரக்கூடாது. 'ஒரு நாள்கூட' என்றே எழுதி வைத்தார்கள். அனுபவித்தவர்கள் எழுதுகிற எழுத்து அப்படித்தான் இருக்கும். ஜெனரல் மார்த்தினெஸ் என்று ஒருவர் 1931 கடைசியில் ஆட்சியைப் பிடித்து, 1932இல் ஆயிரக்கணக்கான விவசாயிகளையும் பழங்குடிகளையும் கொன்று குவித்தார். பதவியை நீட்டித்துக்கொண்டே போனார். 1944இல் நாடே வேலைக்குப் போகாமல் கையைக் கட்டி உட்கார்ந்த பிறகுதான் அவரை அனுப்ப முடிந்தது. கடையை மூடினார்கள், பேங்க் மூடியது, டாக்டர்கள்கூட வேலையை நிறுத்தினார்கள். ஒருவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு நாடு அவ்வளவு பாடுபட்டது.

154ஆவது பிரிவு எழுதி வைத்த வழியைத்தான் 2025 ஜூலை 31 அன்று ஒரே நாளில் அடைத்துவிட்டார்கள். அரசியல் சாசனத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒரு சபை முடிவெடுத்து, தேர்தலுக்குப் பிறகு வரும் அடுத்த சபை அதை உறுதி செய்யவேண்டும் என்று முன்பு ஒரு பூட்டு இருந்தது. அந்தப் பூட்டை ஜனவரியிலேயே கழற்றிவிட்டார்கள். பிறகு ஜூலையில் மசோதா வந்த அன்றே வாக்கெடுப்பு, அன்றே உறுதி. 57 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. இனி எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். ஐந்து வருடம் ஆறு வருடமானது. யாருக்கும் பாதி ஓட்டுக்கு மேல் கிடைக்காவிட்டால் நடக்கும் இரண்டாம் சுற்று ஓட்டெடுப்பும் போனது.

"84 சதவீதம் ஓட்டு வாங்கியவரை நீ யார் கேட்க" என்று ஒரு தம்பி எழுதினார். வாங்கினார், 2024இல் கிட்டத்தட்ட 85 சதவீதம். அவ்வளவு பிரியம் இருக்கிற இடத்தில் விதியை ஏன் மாற்றவேண்டும்? தேர்தலுக்கு எட்டு மாதம் இருக்கும்போது சபை இடங்களை 84இலிருந்து 60 ஆகவும் நகராட்சிகளை 262இலிருந்து 44 ஆகவும் ஏன் வெட்டவேண்டும்? ஜெயிப்பது உறுதி என்றால் மைதானத்தை ஏன் சுருக்குகிறீர்கள்?

ஜெர்மனியில் மெர்க்கெல் 16 வருடம் இருந்தாரே என்று இன்னொருவர் கேட்டார். அங்கே நாடாளுமன்றம் நினைத்தால் பிரதமரை நடுவில் மாற்றலாம், நீதிமன்றத்தைத் தொட முடியாது. அவ்வளவுதான், இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

"அமெரிக்காவில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு அந்த மக்களின் வலி உனக்கு என்ன தெரியும்?" இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பதினொரு வருடமாக என்னோடு பழகுகிறவர் எழுதியது.

தெரியும். எனக்குக் கொஞ்சம் தெரியும். மேரிலாந்தில் நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் ஒரு அக்கா இருக்கிறார். சோயாபாங்கோக்காரர். 2022 டிசம்பரில் பத்தாயிரம் போலீசும் ராணுவமும் சுற்றி வளைத்ததே, அதே ஊர். அவர் ஊரில் மூத்த பெண்களை 'நீன்யா' என்று பெயருக்கு முன் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் அக்கா என்றே கூப்பிடுகிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து அவரும் என்னைத் தங்கச்சி என்கிறார். அவர் தம்பியை 2014இல் கும்பல் கொன்றது. மாமூல் இரண்டு வாரம் பாக்கி. இதை என்னிடம் சொன்னபோது அவர் மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

கும்பல்களைப் பிடிக்க என்று 2022 மார்ச் 27 அன்று நெருக்கடி நிலை கொண்டுவந்தார்கள். முப்பது நாளைக்கு என்றார்கள், இன்றுவரை மாதாமாதம் நீட்டிக்கிறார்கள். எண்பதாயிரம் பேருக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். அதில் அக்காவின் தங்கை மகனும் ஒருவன். அப்போது 19 வயது, பேக்கரியில் வேலை. பஸ் நிறுத்தத்தில் நின்றவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் வழக்கு நடக்கவில்லை, பார்க்க விடவில்லை. எந்தத் தம்பியைக் கும்பல் கொன்றதோ, அந்தத் தம்பியின் பெயரைத்தான் இந்தப் பையனுக்கு வைத்திருந்தார்கள்.

அந்த அக்கா 2024இல் இங்கிருந்தே ஆன்லைனில் புக்கேலேவுக்குத்தான் ஓட்டுப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "என் தங்கை இப்போது ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்குப் போகிறாள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. நான் கேட்டதெல்லாம், "சரி அக்கா, பையனைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" நீதிபதியிடமா? நீதிபதியை வைத்தது யார்? உறுப்பினரிடமா? 60 பேரில் 54 பேர் புக்கேலேவின் கட்சி. வக்கீலிடமா? ஊழலையும் கைதிகளின் நிலையையும் பற்றிப் பேசிவந்த ரூத் லோபெஸ் என்ற வக்கீலையே 2025 மே மாதம் நள்ளிரவுக்கு முன் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வேலை பார்த்த கிறிஸ்டோசால் என்ற மனித உரிமை அமைப்பு இரண்டு மாதத்தில் நாட்டைவிட்டே கிளம்பிவிட்டது. நான் இவ்வளவையும் அடுக்கியதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபப்பட்டது எனக்குப் புரிந்தது. நீங்கள் கோபப்பட்டதுதான் புரியவில்லை. உங்கள் வீட்டுப் பையன் யாரும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வீடியோவில் குனிந்திருக்கும் தலைகளில் எது கொலைகாரன், எது பேக்கரிப் பையன் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை, நான் ஒவ்வொரு முகமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

அக்கா மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். அதில் அவர் தங்கை சோப்பு, பேஸ்ட், ஓட்ஸ், வெள்ளை டி-சர்ட், வெள்ளை அரைக்கால்சட்டை எல்லாம் வாங்கி, பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, சிறை வாசலில் கொடுத்துவிட்டு வருகிறார். அது உள்ளே போய்ச் சேருகிறதா என்று யாரும் சொல்வதில்லை. போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து தங்கையின் போன். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் பையன் வளர்ந்தானா, இளைத்தானா தெரியவில்லை, டி-சர்ட் மீடியம் வாங்கவா, லார்ஜ் வாங்கவா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.