ஆன் ஆகிவிட்டதால் போன் தப்பித்தது என்று அர்த்தம் இல்லை

மழையில் நனைந்த போனை ரெண்டு நாள் அரிசியில் புதைத்து வைத்தால் போதும், ஆன் ஆகிவிட்டால் கடைக்கே போக வேண்டாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் அதைப் பகிர்ந்துகொண்டும் இருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் சரியில்லைங்க. தண்ணீர் காய்ந்தாலும் அதில் கரைந்திருந்த உப்பு போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே தங்கிவிடும், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை மின்னோட்டமும் மிச்சமிருக்கும் ஈரமும் சேர்ந்து செம்பை மெல்ல மெல்ல அரிக்கும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன் சில வாரம் கழித்துத் திடீரென்று சார்ஜ் ஏறாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். அரிசிக்கு இந்த உப்பை எடுக்கத் தெரியாது. ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், சிறு துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, தேடிப் பாருங்கள்.

நேரிலேயே பார்க்க வேண்டுமா, போனை அணைத்துவிட்டு நம்ம பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மைக்ராஸ்கோப் வைத்து போர்டு வேலை பார்க்கும் கடையில் கொடுத்து, கழற்றி உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள் (காட்ட மறுத்தால் அடுத்த கடை). சார்ஜர் செருகும் போர்ட்டின் உலோகக் கால்களைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது, உடனே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகிவிடும் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள்.